எந்த நாட்டு மரையும் சேராத இரும்பு

முதன்முதலில் அந்த வண்டியை நான் தலைகீழாகத்தான் பார்த்தேன். பங்குனி வெயில். மரக்காணத்து உப்பளத்தில் பாத்திகளுக்குப் புதிதாகத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். இரண்டு விரற்கடை ஆழம்கூட இருக்காது. ஆனால் அதற்குள் ஒரு முழு வானம் கால் நீட்டிப் படுத்திருந்தது. அந்த வானத்தின் ஓரமாக, சக்கரங்களை மேலே தூக்கிக்கொண்டு, இரும்புக் கழுத்தைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, ஏதோ பெரிய பறவை தூக்கத்தில் நடப்பதுபோல ஒரு வண்டி போனது. சத்தம் பிறகுதான் வந்தது. நான் நிமிர்வதற்குள் அது வரப்பு திரும்பிவிட்டது. அவரை நினைத்தாலும் அப்படித்தான். தண்ணீரில் விழுந்த நிழலாகத்தான் முதலில் வருவார். காற்று நின்ற பிறகுதான் முகம் தெரியும்.

ஊரில் அவருக்கு மிலிட்டரி என்று பெயர். வேறு பெயர் இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. பட்டாளத்தில் ரெக்கவரி வேலை பார்த்தவர். சண்டையில் குண்டு பட்டது, மலையில் உருண்டது, ஆற்றில் இறங்கினது என்று எந்த வண்டி விழுந்தாலும் போய் இழுத்துவருகிற வேலை. வெளியே வந்ததும், தான் ஓட்டின மாதிரியே ஒரு இழுவை வண்டியை டிஸ்போசல் ஏலத்தில் எடுத்து, அனுமந்தைக்கு இந்தப் பக்கம் ரோட்டோரம் ஓலைக் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் ரெக்கவரி என்பார். ஊர்க்காரர்கள் கொக்கு வண்டி என்பார்கள். பின்பக்கம் தூக்கி நிற்கிற அந்த இரும்புக் கழுத்தைப் பார்த்தால் வேறெதுவும் சொல்லத் தோன்றாது.

எழுபதுகளின் நடுவில் நான் மாமாவின் உப்பு லாரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். இருபத்து நாலு வயது. எங்கேயும் நிற்கப் பிடிக்காத வயது. ஈர வரப்பில் மாசத்துக்கு ஒரு தரமாவது சக்கரத்தை இறக்கிவிடுவேன். ஒவ்வொரு தரமும் அவரிடம்தான் ஓடவேண்டும்.

போனதும் வரமாட்டார். காலையில் எண்ணெய்த் துணியோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றித் துடைக்காமல் அவர் எதையும் தொடமாட்டார். அந்தச் சுற்றில் பாதியில் போய் மாட்டிக்கொண்டால் நானும் கூடவே சுற்றவேண்டும். அவர் துடைப்பது வண்டியை அல்ல. நாடு நாடாகத் துடைப்பார்.

வண்டி பிறந்தது அமெரிக்காவில். அதனால் ஸ்டீயரிங் இடது பக்கம். கூரையில் ஒரு இரும்பு வளையம் இருந்திருக்கிறது, ஆள் நின்று ஆகாயத்தைப் பார்த்துச் சுடுவதற்கு. வண்டி இங்கிலீஷ்காரன் கைக்குப் போனதும் அவன் வளையத்தைக் கழற்றி அங்கே தகடு போட்டு மூடிவிட்டான். கூரையில் வட்டமாக ஒரு தழும்பு மட்டும் மிச்சம். "அவனுக்கு ஏரோப்ளேன்னா பயம். இவனுக்கு மழைன்னா பயம்" என்று சொல்லித் தழும்பைத் தடவுவார். அந்த இங்கிலீஷ்காரனே வலது பக்கம் ஒரு படி வைத்திருந்தான். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு வலது ஓரம் தெரியாது, படியில் ஒருத்தன் தொங்கிக்கொண்டு பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு மணல்காட்டில் எங்கேயோ இருந்திருக்கிறது. சக்கரத்துக்கு அடியில் போடுகிற பலகைகளை மாட்ட விலாவில் நாலு கொக்கி. அப்புறம் ஏதோ பனி கொட்டுகிற சீமை. இன்ஜின் சூட்டை டிரைவர் காலடிக்குக் கொண்டுவர ஒரு குழாய். சித்திரையில் அந்தக் குழாய் வழியாக அனல் வந்து அவர் கெண்டைக்காலைப் பொசுக்கும். கோணித் துணியைச் சுருட்டி அடைத்துவைத்திருந்தாரே தவிர, கழற்றமாட்டார்.

கடைசியாக நம் நாட்டு ஒர்க்ஷாப். பெட்ரோல் இன்ஜினைத் தூக்கிவிட்டு டீசல் இன்ஜின் வைத்தார்கள். அது கொஞ்சம் நீளம். இடம் போதாமல், முன்பக்கம் இருந்த வின்ச்சை எடுத்துவிட்டார்கள். கம்பிக் கயிறு சுற்றுகிற உருளைக்குத்தான் வின்ச் என்று பெயர். இழுவையின் உயிர் அதில் இருக்கிறது. ஆக, முன்னாலும் பின்னாலும் இரண்டு உயிரோடு பிறந்த வண்டிக்குப் பின்னால் ஒன்றுதான் மிச்சம். பதிலுக்கு நம் ஆட்கள் கண்ணாடிக்கு மேலே ஒரு சின்னத் தட்டு அடித்துக் கொடுத்திருந்தார்கள், சாமி படம் வைக்க.

"நம்ம ஆளு எதுக்கும் பயப்படலண்ணே" என்றேன் ஒரு தரம்.

"பின்ன படம் எதுக்குடா வெச்சான்?" என்றார்.

சின்ன வயசில், பெரிய சண்டை முடிந்த கையோடு, ஒரு மைதானத்தில் எல்லா நாட்டு இழுவை வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி வைத்திருந்ததைப் பார்த்தாராம். எல்லாம் ஒரே அச்சு, ஒரே கம்பெனி வார்ப்பு. ஆனால் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒருத்தன் புகைக்குழாயை மூக்கு மாதிரி மேலே தூக்கிவிட்டிருக்கிறான். ஒருத்தன் கதவையே எடுத்துவிட்டிருக்கிறான். ஒருத்தன் டீத்தண்ணி காய்ச்ச இன்ஜின் பக்கத்தில் பெட்டி வைத்திருக்கிறான். ஆட்கள் எல்லாம் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். போகாதவர்கள் மண்ணுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் ஒட்டவைத்த இரும்பு மட்டும் வரிசையில் நின்று வெயில் காய்ந்தது. பத்து நாள் அந்த வரிசைக்குள் நடந்து நடந்து பார்த்தாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல.

"காரணம் இல்லாம எவனும் வெயில்ல நின்னு வெல்டிங் வெக்க மாட்டாம்பா" என்பார். இதைத்தான் அவர் எல்லாவற்றுக்கும் சொல்வார். இன்னொருத்தன் வைத்ததை, ஏன் வைத்தான் என்று தெரியாமல் எடுக்கமாட்டார். வண்டியில் மட்டும் இல்லை. கொட்டகைக் காலில் முந்தின ஆள் சுற்றிவிட்டுப் போன நாலு சுற்றுக் கயிறு கடைசிவரை அப்படியே இருந்தது. என் லாரியின் பக்கக் கண்ணாடியில் ஒரு செப்புக் கம்பி முறுக்கியிருந்தது. அதை யார் கட்டியது என்று கேட்டார். நான்தான் என்றேன். எதற்கு என்றார். யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வைத்தவனே உயிரோடு எதிரில் நின்று, அவனுக்கே காரணம் தெரியவில்லை என்றால் என்ன செய்வது என்கிற தவிப்பு. அன்று முழுக்க அவருக்கு மனசு சரியில்லை.

இந்தத் தவிப்புக்கெல்லாம் தாய்வீடு ஒன்று வண்டியிலேயே இருந்தது.

இடது பக்கம், முன்சக்கரத்துக்குப் பின்னால், சட்டத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்குப் பட்டை இரும்பு ஒன்று வெளியே துருத்திக்கொண்டு, அங்கிருந்து பின்னால் மடங்கி இரண்டு முழம் ஓடியது. நுனியில் இரண்டு துளை. துளைக்குள் மரை, போல்ட் திருகி ஏற வெட்டின வரி. எதை மாட்டினார்கள், எதைத் தாங்கியது, ஒன்றும் தெரியாது. அவரிடம் மூன்று செட் ஸ்பேனர் உண்டு. நாடு மாறினால் போல்ட்டின் மரை மாறும் என்பார். அமெரிக்க மரை ஒரு தினுசு, இங்கிலீஷ் மரை ஒரு தினுசு, மில்லிமீட்டர் கணக்கில் போகிற ஐரோப்பா மரை ஒரு தினுசு. வண்டியில் எந்த நட்டையும் திருகிப் பார்த்து இது இன்ன நாடு என்று சொல்லிவிடுவார். இந்த இரண்டு துளைக்கு மட்டும் மூன்று நாட்டு போல்ட்டும் சேரவில்லை. ஒரு சுற்றுப் போகும், அப்புறம் கடித்துக்கொள்ளும். நாலாவதாக ஏதோ ஒரு நாடு இந்த வண்டியில் கை வைத்திருக்கிறது, அது எது என்று தெரியாமல் செத்துப்போய்விடுவோமோ என்று அவருக்கு நிஜமாகவே பயம் இருந்தது.

அந்த நாளில் குயிலாப்பாளையம் பக்கத்துச் செம்மண் மேட்டில் வெள்ளைக்காரர்கள் வந்து குடிசை போட்டுக் கொண்டிருந்தார்கள். அவர்களில் யாராவது சைக்கிளில் இந்தப் பக்கம் வந்தால் போதும். ரோட்டின் நடுவில் கை காட்டி நிறுத்துவார். எந்த ஊர் என்று கேட்பார். கொட்டகைக்குக் கூட்டிவந்து, இளநீர் வெட்டிக் கையில் கொடுத்து, அந்த இரும்பின் எதிரில் உட்கார வைத்துவிடுவார். உங்க ஊர்ல இது எதுக்கு? வந்தவன் சங்கீதம் படித்தவனாக இருப்பான், அல்லது மரம் நட வந்தவனாக இருப்பான். தலை சாய்த்துப் பார்ப்பான். ஒருத்தன் மண்வெட்டி மாட்ட என்றான். ஒரு பெண், அழகாக இருக்கட்டும் என்று வைத்திருப்பார்கள் என்றாள். அதை மட்டும் அவர் இரண்டு நாள் யோசித்தார்.

"வண்டியில எட்டு நாட்டு இரும்பு கீது. ஆக்கிப்போட ஒரு நாட்டுப் பொம்பள இல்ல" என்பாள் பச்சையம்மா அக்கா.

கடைக்கோடிப் பாத்திகள் அவளுடையவை. கழுவெளிச் சதுப்பு ஏரியின் பக்கம், தாழ்ந்த இடம். அவளையும் சேர்த்துப் பதினோரு குடும்பம் அங்கே குத்தகைக்கு உப்பு எடுத்தார்கள். நாக்கு கூர்மையானவள். மரை கழண்ட கேஸு என்று அவர் காதுபடவே சொல்வாள். அவர் சிரித்துக்கொண்டே, எந்த மரைன்னு பார்த்துச் சொல்லும்மா, போல்ட்டு இருக்குது என்பார். தை மாசத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாக வரிசைகட்டி நின்று பாத்தியின் தரையை மிதிப்பார்கள். களிமண்ணைக் காலாலேயே மிதித்து மிதித்து, தண்ணீர் கீழே இறங்காத அளவுக்கு இறுக்க வேண்டும். பச்சையம்மாவின் பாத்தித் தரை பளிங்கு மாதிரி இருக்கும். அந்தத் தரையில் நாய் நடந்தால்கூடக் கல் எடுத்து அடிப்பாள்.

அந்தக் கடைக்கோடிக்குப் போகிற ஒரே வழி ஒரு நீள வரப்பு. அதன் நடுவில் ஒரு வளைவு. வளைவின் உட்பக்கத்தில் பனங்கட்டையைச் சீவி ஒரு பனைமுளை நட்டிருந்தது. இடுப்பு உயரம், கறுத்து, உச்சி பிளந்து, யார் காலத்து முளை என்று யாருக்கும் தெரியாது. அது நிற்பதால் லாரி நேராகப் போக முடியாது. வெளி ஓரமாக ஒடித்து, முதல் கியரில், நெளிந்து நெளிந்து போக வேண்டும். இழுவை வண்டியோடு வரும்போதெல்லாம் மிலிட்டரி அந்த முளையைச் சுற்றி இடம் விட்டுப் போவார். நான் ஒவ்வொரு நடையும் அதைத் திட்டிக்கொண்டு போவேன்.

அந்த வருஷம் ஐப்பசி முன்கூட்டியே இருட்டியது. கடல் பக்கம் வானம் எண்ணெய்ச்சட்டி மாதிரி ஆகிவிட்டது. மழை பிடித்தால் கழுவெளி ஏறும். கழுவெளி ஏறினால் தாழ்ந்த பாத்திகளில் குவித்திருக்கிற உப்பு அம்பாரம் அடியிலிருந்து கரையும். மேலே எவ்வளவு ஓலை போட்டு மூடினாலும் கரையும். அதற்குள் பதினோரு அம்பாரத்தையும் ரோட்டோர மேட்டுக்கு ஏற்ற வேண்டும். லாரி என்னுடையது ஒன்றுதான்.

முதல் நாள் மதியம், நாலாவது நடைக்கு முன்னால், நான் வண்டியை நிறுத்தி, அந்தப் பனைமுளைக்குக் கயிறு கட்டி, லாரியாலேயே பிடுங்கினேன். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. முளை போனதும் வழி நேராகி விட்டது. நடைக்குக் கால்மணி மிச்சம். பிடுங்கின முளையைப் பிளந்து, உப்பு ஏற்றுகிறவர்களுக்கு டீ போட்டேன். பனைக்கட்டை நின்று எரிந்தது. டீ நல்லா கீதுடா என்று பச்சையம்மாவே இரண்டாவது தரம் டம்ளரை நீட்டினாள்.

மறுநாள் விடியலில் லேசாகத் தூறி நின்றது. காலை பத்து மணி வாக்கில், முழு பாரத்தோடு வளைவில் நேராக வந்தேன். தரை சத்தமே போடவில்லை. ஒரு பெருமூச்சு மாதிரி ஒன்று கேட்டது. வலது முன்சக்கரம் இறங்கிற்று, இறங்கிக்கொண்டே இருந்தது. அச்சு மண்ணில் உட்கார்ந்த பிறகுதான் நின்றது. இறங்கிப் பார்த்தேன். மேலே வெள்ளையாகக் காய்ந்த உப்புப் படலம். கீழே கூழ். எந்தக் காலத்திலோ அங்கே ஒரு மதகு இருந்திருக்கிறது, தூர்ந்திருக்கிறது. முளையை எவனோ அதற்காகத்தான் நட்டிருக்கிறான்.

எனக்குப் பின்னால் ஏழு அம்பாரம் மிச்சம். வழி ஒன்றுதான். அந்த வழியில் செருகி வைத்த ஆப்பு மாதிரி என் லாரி.

சைக்கிளை மிதித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். எண்ணெய்த் துணி அவர் கையில் இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். வழக்கமாகச் சுற்றி முடிக்காமல் கிளம்பாத மனிதர், அன்று துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக ஏறிவிட்டார். போகிற போக்கில் அந்த இரண்டு முழ இரும்பை மட்டும் ஒரு தரம் தொட்டார்.

வரப்பில் வலது ஓரம் பார்த்துச் சொல்ல நான் படியில் தொங்கினேன். பெயர் தெரியாத ஒரு இங்கிலீஷ்காரன், மழைக்குப் பயந்தவன், எனக்காக வைத்துவிட்டுப் போன படி. இரண்டு பக்கமும் பாத்தித் தண்ணீரில் மேகம். நடுவில் ஒற்றை வரப்பு. வண்டி போவதே தெரியவில்லை. ஆகாயத்துக்கு மேலே ஏதோ ஒரு உயரத்தில் மிதந்து போவதுபோல இருந்தது. நாலு விரல் இருக்குது, மூணு விரல் இருக்குது என்று ஓரத்தை எண்ணிச் சொல்லிக்கொண்டே போனேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

வளைவில் நிறுத்தி இறங்கினார். லாரியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

"அந்த முளை எங்கப்பா?"

"எந்த முளைங்க?" என்றேன்.

அவர் குழியின் ஓரத்தைக் காலால் தடவிவிட்டு லாரி பக்கம் போனார்.

கணக்கு இப்படி வந்தது. பாத்திக்குள் வண்டியை இறக்கிப் பக்கத்திலிருந்து இழுத்தால் சுலபம். ஆனால் பச்சையம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாத்தி விளிம்பில் நின்றாள். என் மேல ஏத்திட்டு இறக்குய்யா என்றாள். இறக்கட்டுமா என்று அவர் கேட்கவே இல்லை, அவருக்கும் அந்த எண்ணம் இல்லை. வரப்பிலேயே, லாரிக்கு எதிரில் முகத்தோடு முகமாக நின்றுதான் இழுக்க வேண்டும். திருப்ப இடம் கிடையாது. பின்பக்கமாக வந்திருந்தால் கொக்கின் மொத்த பாரமும் முதலில் சேற்றில் இறங்கியிருக்கும். முன்பக்கத்து வின்ச்சை எந்தக் காலத்திலோ எடுத்துவிட்டார்கள். பின்னாலிருக்கிற வின்ச்சின் கம்பிக் கயிற்றைத்தான் வண்டியின் விலாவோடு முன்னால் கொண்டுவந்து, முன்பம்பரில் ஒரு கப்பி கட்டி, அதன் வழியாக லாரிக்கு விட வேண்டும். வலது பக்கம் டீசல் டாங்க் துருத்திக்கொண்டிருந்தது. இடது பக்கம்தான் வழி.

இடது பக்கம் அந்த இரும்பு.

கம்பிக் கயிறு இறுகினால் அதன் விளிம்பில்தான் உராயும். உராய்ந்தால் இழை இழையாகப் பிரியும். பாரத்தோடு கயிறு அறுந்தால் எதிரில் நிற்கிறவன் இடுப்புக்கு மேல் இருக்கமாட்டான். அவர் கயிற்றை வெறுமனே விலாவோடு பிடித்துப் பார்த்தார். மேலே தூக்கிப் பார்த்தார். கீழே விட்டுப் பார்த்தார். கோணி சுற்றிப் பார்த்தார். பெண்கள் அதற்குள் லாரியிலிருந்து பாதி உப்பைக் கூடை கூடையாக ஓலைப்பாயில் இறக்கியிருந்தார்கள். முதல் சொட்டு ஒன்று வண்டியின் மூடியில் விழுந்து ஆவியானது.

அவர் டூல் பெட்டியிலிருந்து இரும்பறுக்கிற ரம்பத்தை எடுத்தார். பிளேடை மாட்டினார். மாட்டிக்கொண்டு அந்த இரும்பின் எதிரில் குந்தினார். வெள்ளைக்காரர்களை உட்கார வைக்கிற அதே இடத்தில் இப்போது அவரே. கை நகரவில்லை. பக்கத்தில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"டேய் தம்பி. முளையைப் புடுங்கறப்ப யாரையாச்சும் கேட்டியா?"

இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. "இல்லீங்க" என்றேன்.

"கேட்டிருந்தா யாருக்காச்சும் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

"ம். எனக்கும் கேக்க ஆளு இல்ல" என்றார். ரம்பத்தை வைத்தார்.

சட்டத்தை ஒட்டி, வெல்டிங்குக்கு அரை விரல் தள்ளி அறுத்தார். கனத்த இரும்பு. இரண்டு பிளேடு பல் போயிற்று. நான் அறுக்கிறேன் என்று கை நீட்டினேன், கொடுக்கவில்லை. அரை மணியோ முக்கால் மணியோ ஆகியிருக்கும். அறுக்கிற சத்தத்துக்கு நடுவே அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. குனிந்து கேட்டேன். நாடுகளின் பெயர்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு நாடு. தனக்குத் தெரிந்த நாட்டையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டு, நீயா, நீயா என்று கேட்பது மாதிரி. கடைசி நூல் அறுந்து இரும்பு அவர் மடியில் விழுந்தபோது எந்த நாட்டில் இருந்தார் என்று எனக்குக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சீக்கிரம் நடந்தது. பின்சக்கரங்களுக்குப் பனங்கட்டையை அண்டை கொடுத்தார். விலாவோடு கயிறு ஓடிற்று, கப்பி திரும்பிற்று, லாரியைப் பிடித்தது. இன்ஜின் அடித்தொண்டையில் முனகியது. சேறு ஒரு நீளமான சத்தத்தோடு சக்கரத்தை விட்டது. லாரி அவர் வண்டியின் நெற்றியை முட்டுகிற தூரத்தில் வந்து நின்றது. இரண்டும் ஒன்றையொன்று முகர்ந்து பார்ப்பதுபோல.

மழை சாயங்காலம் பிடித்தது. அதற்குள் நடை மேல் நடை அடித்தேன். ஒவ்வொரு நடையும் அந்த இடத்தை வெளி ஓரமாக ஒடித்து, முதல் கியரில் சுற்றிப் போனேன். ஒன்பது அம்பாரம் முழுசாக மேடு ஏறிவிட்டது. கடைசி இரண்டில் பாதிதான் முடிந்தது. மீதியின் அடியில் கழுவெளி வந்துவிட்டது. அந்த இரண்டில் ஒன்று பச்சையம்மாவுடையது. அவள் கரைகிற குவியலில் கையை விட்டு, ஈர உப்பு ஒரு பிடி அள்ளி, என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தா. இதையும் ஏத்திக்கினு போ" என்றாள்.

அது வெறும் வாய்த்துடுக்கு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மழை வெறித்த நாலாம் நாள் அவர் அந்த இரும்போடு வரப்புக்கு வந்தார். முளை இருந்த குழியை இன்னும் அகலமாகத் தோண்டி, கருங்கல் போட்டு, மடங்கின சாண் அடியில் கால் மாதிரி மாட்டிக்கொள்ள, இரண்டு துளையும் மேலே தெரிய அதை நிறுத்தினார். பச்சையம்மாவும் இன்னும் நாலு பேரும் வந்து நின்றார்கள். அங்க என்னத்துக்குய்யா அதை நடுற என்று அவள் கேட்டாள். நான் தூரத்தில் லாரியை நிறுத்திவிட்டு, இறங்கவும் முடியாமல் போகவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"முன்ன இருந்தது போச்சும்மா. வேற வேணுமில்ல?" என்றார். என் பக்கம் திரும்பவில்லை.

எப்படிப் போச்சு என்று யாரும் கேட்கவில்லை. கேட்பார்கள் கேட்பார்கள் என்று அந்த வருஷம் முழுக்கக் காத்திருந்தேன்.

அதற்குப் பிறகும் காலையில் எண்ணெய்த் துணியோடு வண்டியைச் சுற்றத்தான் செய்தார். இடது பக்கம் வந்ததும் கை அந்த இடத்தில் நிற்கும். அறுத்த வாயில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார், துரு ஏறாமல் இருக்க. வெள்ளைக்காரர்களை நிறுத்துவதை விட்டுவிட்டார். அவர்களாகவே சில பேர் சைக்கிளை நிறுத்தி, எதையோ எதிர்பார்த்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்கள். ஒரே ஒரு தரம் அவரிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அவர் என் லாரிக் கண்ணாடியில் இருந்த செப்புக் கம்பியைக் காட்டி, ஞாபகம் வந்துச்சா என்றார். இல்லை என்றேன். வந்தா சொல்லு என்றார்.

இரண்டு வருஷத்தில் நான் லாரியை விட்டு வேறு ஊருக்குப் போய்விட்டேன். எனக்கு எந்த ஊரும் தங்கவில்லை. ஒரு தரம் திரும்பி வந்தபோது கொட்டகை இருந்த இடத்தில் நாலு குழி இருந்தது. வண்டியோடு வடக்கே போனார் என்றார்கள். தெற்கே போனார் என்றும் சொன்னார்கள். என் கனவில் அது பாத்தித் தண்ணீருக்குள்தான் போய்க்கொண்டிருக்கிறது, தலைகீழாக, சத்தம் இல்லாமல்.

போன மாசியில் பஸ்ஸில் பாண்டிக்குப் போகிறவன், என்னவோ தோன்றி மரக்காணத்தில் இறங்கிவிட்டேன். வரப்பு இப்போது இரண்டு மடங்கு அகலம். ஆனால் டயர் தடங்கள் நடுவில் ஓரிடத்தில் வெளி ஓரமாக ஒடித்து, நெளிந்து, மறுபடி நேராகின. எந்த அகலமும் அந்த நெளிவை மாற்றவில்லை. வளைவின் உட்பக்கத்தில் அது நின்றது. உப்புக் காற்று அரித்து பட்டை பாதியாகியிருந்தது. துளைகள் இரண்டும் இருந்தன. ஒன்றில் ஒரு சாப்பாட்டுப் பை தொங்கியது.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, யாருங்க வேணும் என்றாள். முகம் பச்சையம்மாவே நிற்பது மாதிரி. மகளாம். அம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். நான் யார் என்று சொன்னேன். அவள் பலகையை வைத்துவிட்டு வரப்புக்கு ஏறிவந்தாள்.

முப்பது வருஷமாக வாய்க்குள் கிடந்தது வெளியே வந்துவிட்டது. இங்க முன்ன ஒரு பனைமுளை இருந்துச்சும்மா, அதைப் புடுங்கினது நான்தான், உங்கம்மா உப்பு என்னாலதான் கரைஞ்சுது என்றேன்.

"தெரியுங்களே. அம்மா சொல்லிக்கீது" என்றாள். "அந்தக் கட்டையிலதான் டீ போட்டீங்களாமே. ரெண்டு டம்ளர் குடிச்சிட்டேன், அப்புறம் எப்படிடி காட்டிக் குடுக்கறதுன்னு சொல்லிச் சிரிக்கும்."

நான் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் சுட்டது.

அவள் பையைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, துளைக்குள் சுண்டுவிரலை விட்டு, மரையின் வரிகளை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு, என்னைப் பல ஊர் பார்த்தவன் என்று நினைத்தோ என்னவோ, நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"இது இங்க எதுக்குன்னு தெரியும். இந்த ரெண்டு ஓட்டை எதுக்குங்க?"

நான் தலை சாய்த்துப் பார்த்தேன்.